இடுப்பெலும்பு யாருக்கு

பயிற்சி முடிவதற்குள் அச்சில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும், அதன் கீழே மாணவியின் பெயர் இருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பத்திரிகைத் துறை மாலைநேரப் பிரிவின் விதி அது. இல்லாவிட்டால் அந்த ஆண்டை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். பெர்மெத் இந்த விதியை வகுப்பில் படித்தபோது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மக்கள் தொடர்பு நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் எழுதுகிறவரின் பெயர் எந்தக் காலத்திலும் வெளியே வராது.

"நம்ம பேர் வெளிய வந்துச்சுன்னா நாம வேலையைக் கெடுத்துட்டோம்னு அர்த்தம்," என்றார் டாமிரா அக்கா. நிறுவனம் அவருடையது. பிஷ்கெக்கின் நடுவில், மூன்றாவது மாடியில், இரண்டு அறை. "வாடிக்கையாளர் பேர் வரணும். அவரோட இயக்குநர் பேர் வரணும். நாம கண்ணாடி மாதிரி. கண்ணாடியை யாராவது பாப்பாங்களா? கண்ணாடிக்குள்ளதான் பாப்பாங்க."

பெர்மெத் அன்று மாலையே பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மாலைநேரப் பிரிவைக் கவனிக்கும் லரீசா விக்தரோவ்னா மேசை மேல் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"லரீசா விக்தரோவ்னா, நான் மக்கள் தொடர்புல பயிற்சி செய்யறேன். அங்க பேர் போட மாட்டாங்க."

"விதியில பேர் போடணும்னு இருக்கு."

"அது பத்திரிகைக்காரங்களுக்கு எழுதின விதிங்க."

"நீங்க எந்தத் துறையில இருக்கீங்க? பத்திரிகைத் துறை. மக்கள் தொடர்பு அதுக்குள்ள ஒரு பிரிவு. அதுக்குத் தனி விதி இன்னும் எழுதலை. எழுதற வரைக்கும் இதுதான்."

"எப்ப எழுதுவாங்க?"

லரீசா விக்தரோவ்னா செடியின் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

பெர்மெத்துக்குச் சண்டை போடத் தெரியாது. பகலில் அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். பயிற்சிக்காகச் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தாள். ஒரு மாத்திரை அட்டையைக் கொடுப்பதற்கு முன் பெயரை மூன்று தடவை படிப்பாள். கொடுத்த பிறகு, வாங்கியவர் கதவைத் தாண்டும் வரை சரியாகத்தான் கொடுத்தோமா என்று யோசிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு, விதி தவறா அல்லது விதியைத் தான் புரிந்துகொண்டது தவறா என்ற சந்தேகம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இருந்தது.

நிறுவனத்தில் அவளுக்குக் கிடைத்த வேலைகள் இவை. பத்திரிகைகளைப் புரட்டி வாடிக்கையாளர் பெயர் வந்த இடங்களை வெட்டி ஒட்டுவது. தேநீர் போடுவது. செய்தி அனுப்பிய பிறகு ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்துக்கும் போன் போட்டு, "வந்துச்சுங்களா? போடுவீங்களா?" என்று கேட்பது. மறுமுனையில் இருப்பவர்கள் சில சமயம் "வந்துச்சு" என்பார்கள், சில சமயம் போனை வைத்துவிடுவார்கள்.

குதிரைப்பால் பொங்கும் ஜூன் மாதம் அது. கொச்கோர் பக்கம் ஒரு கம்பெனி குமிஸை, அதாவது புளித்த குதிரைப்பாலை, புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. அதற்கான பத்திரிகைச் செய்தியை எழுதும் வேலை பெர்மெத்துக்கு வந்தது. அவள் அந்தப் பக்கத்துப் பெண். விடியும் முன்னே குட்டியைத் தாயிடம் விட்டு, பால் இறங்கியதும் குட்டியை இழுத்துக் கட்டிவிட்டு, ஒரு முழங்காலை மடக்கி நின்று கறக்கும் பெண்களை வைத்து முதல் பத்தியை எழுதினாள். டாமிரா அக்கா அதைப் படித்தார். பிறகு அழித்தார்.

"கறக்கறவங்களா நமக்குப் பணம் குடுக்கறாங்க?" என்று கேட்டபடியே, அந்த இடத்தில் இயக்குநர் பெயர், துணை இயக்குநர் பெயர், மாவட்ட அதிகாரியின் பெயர் என்று வரிசையாகச் சேர்த்தார். "இப்பப் பாரு, செய்தி மாதிரி இருக்கு."

பெர்மெத் எழுதியதில் மிஞ்சியது "ஜூன்" என்ற சொல் மட்டும்தான்.

படம் எடுக்கும் மாக்சத் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கும் அப்படித்தான் தங்கச்சி. நான் மலையைப் படம் எடுப்பேன், அக்கா இயக்குநர் மூஞ்சியை வெட்டி மலை மேல ஒட்டிடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "பேர்தானே வேணும் உனக்கு? புட்டி ஆலைத் திறப்புக்குப் பத்திரிகைக்காரங்க எல்லாம் வர்றாங்க. சின்னப் பத்திரிகைக்காரர் ஒருத்தரைப் பிடி. உன் பேர்ல எதையாவது போடச் சொல்லிக் கேளு. பெரிய பத்திரிகை போடாது. சின்னதுக்குப் பக்கம் நிரம்பணும்."

அது நல்ல யோசனையாக இருந்தது. வருகிறவர்களில் கொச்கோர் மாவட்டப் பத்திரிகையிலிருந்து ஷார்ஷென் என்ற பெரியவர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் கேட்பது என்று பெர்மெத் முடிவு செய்தாள். என்ன சொல்லித் தொடங்குவது, எந்த இடத்தில் தயங்காமல் இருப்பது என்பதைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

திறப்பு நாளன்று, ஆலை முற்றத்தில் நீளப் பந்தி. நகரத்திலிருந்து வந்த சமையல்காரர்கள் ஆட்டை வேகவைத்துத் தனித்தனித் தட்டில் வைத்திருந்தார்கள். ஊரில் ஒருபோதும் அப்படி நடக்காது. ஊரில் கறியை ஒரே தாம்பாளத்தில் கொண்டு வந்து, கை சுத்தமான ஒருவன் எழுந்து நின்று, வயதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் உரிய எலும்பை எடுத்து வைப்பான். இங்கே தட்டு சமையலறையிலேயே தயாராகும். தட்டுக்குப் பக்கத்தில் பெயர் அட்டை. அட்டையும் தட்டும் வைப்பது பெர்மெத்தின் வேலை.

"இடுப்பெலும்பு அதிலெத்துக்கு," என்றார் டாமிரா அக்கா.

அதிலெத் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுவதைப் படம் பிடித்து இணையத்தில் போடும் பையன். இருபத்து மூன்று வயது இருக்கும்.

"அக்கா, இடுப்பெலும்பு மூத்தவருக்குத்தானே வரணும்? ஷார்ஷென் ஐயா இருக்காரு."

"இது என்ன கல்யாண வீடா? இது நிகழ்ச்சி. அந்தப் பையன் வீடியோவை எத்தனை லட்சம் பேர் பாக்கறாங்க தெரியுமா? அவன் தட்டு கேமராவுல நல்லாத் தெரியணும். பெரியவர் பத்திரிகையை யாரு பாக்கறா? அவரோட சம்பந்தி பாப்பாரு."

பெர்மெத் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தாள். நிகழ்ச்சி என்றால் முறை வேறாக இருக்குமோ என்று தோன்றியது. தான் பார்த்ததெல்லாம் கல்யாணமும் சாவும்தான், நிகழ்ச்சி பார்த்ததில்லை. இடுப்பெலும்பை அதிலெத் தட்டில் வைத்தாள். ஷார்ஷென் ஐயாவுக்கு விலாவெலும்பு.

பெரியவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பி, பழைய கோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. தட்டைப் பார்த்தார். அப்புறம் மலையைப் பார்த்தார். சூப்பை மட்டும் குடித்தார். எதிரே அதிலெத் இடுப்பெலும்பைக் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்து, "இதோ, ராஜா சாப்பாடு!" என்று கத்தினான். பெர்மெத் தள்ளி நின்று காத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம், பிறகு ஆசி சொல்வார்கள், எல்லோரும் கையை ஏந்தி முகத்தில் தடவிக்கொள்வார்கள், எழும்போது போய்ப் பேசிவிடலாம். ஆனால் பெரியவர் ஆசிக்கு முன்பே எழுந்தார். விலாவெலும்பைப் பையில் போட்டுச் சுருட்டிக்கொண்டார். வாசலைப் பார்த்து நடந்தார். பெர்மெத் ஓடிப் போவதற்குள் ஒரு கார் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பெர்மெத் திரும்பி வந்து பெயர் அட்டைகளைப் பொறுக்கினாள்.

மறுநாள் அதிலெத்தின் வீடியோ வந்தது. முன்னால் அவன் இடுப்பெலும்பைக் கடிக்கிறான். பின்னால், அவன் தோளுக்கு மேலே, வெள்ளைத் தொப்பிக்காரப் பெரியவர் ஒருவர் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போகிறார். மதியத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு.

"பாலை வித்தீங்க சரி, மரியாதையையும் சேத்து வித்துட்டீங்களா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். "மீசை முளைக்காத பயலுக்கு இடுப்பெலும்பு, வெள்ளைத்தாடிக்கு விலாவெலும்பு. நாளைக்கு மாப்பிள்ளையை விட்டுட்டுப் படம் எடுக்கறவனுக்குப் பொண்ணு குடுப்பீங்க!" என்று இன்னொருவர். ஆலை இயக்குநர் போனில் கத்தியது பக்கத்து அறைக்கே கேட்டது.

டாமிரா அக்கா ரஷ்ய மொழியில் ஒரு மன்னிப்பை எழுதினார். ரஷ்யப் பள்ளியில் படித்தவர், அவருக்கு எழுத வருவது அதுதான். பிறகு கணினியில் போட்டுக் கிர்கிஸில் மாற்றினார். மாக்சத் அதைச் சத்தமாகப் படித்தான்.

"'எலும்பு தொடர்பான நிகழ்வுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.' அக்கா, இது அந்த ஆட்டோட குடும்பத்துக்கு எழுதின மாதிரி இருக்கு."

"வாயை மூடு. இங்க யாருக்கு ஒழுங்கா கிர்கிஸ் எழுத வரும்?"

"நான் எழுதட்டுமா?" என்றாள் பெர்மெத். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

அவள் உட்கார்ந்து எழுதினாள். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. மூத்தவரின் பங்கு இளையவருக்குப் போனது, அது தவறு, ஷார்ஷென் ஐயாவின் மனதைப் புண்படுத்திவிட்டோம் என்று எழுதினாள். ஊரில் தவறு செய்தவர்கள் என்ன சொல்வார்களோ அதையே கடைசியில் எழுதினாள்: தலை குனிந்து உங்கள் வாசலுக்கு வருகிறோம், உங்கள் தோளில் மரியாதை அங்கியான சபானைப் போர்த்தி மன்னிப்புக் கேட்கிறோம். எழுதி முடித்துப் படித்தபோது, இந்த நிறுவனத்துக்கு வந்த பிறகு முதல் தடவையாகத் தன் கை எழுதியதைத் தானே அடையாளம் கண்டுகொண்டாள்.

டாமிரா அக்கா மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினார். "அழகா இருக்கே. நீளமா இருக்கு, பணிவாத் தெரியுது. ஒரே ஒரு வரி சேரு. 'இந்தத் தவறு பயிற்சி மாணவி ஒருவரின் அனுபவமின்மையால் நேர்ந்தது.'"

"அக்கா, நான் உங்ககிட்டக் கேட்டேனே."

"கேட்டே. யாராவது ஒருத்தர் மேல விழணும் இல்ல? இயக்குநர் மேல விழ முடியாது. என் மேல விழுந்தா கம்பெனி போயிடும். உன் பேரையா போடறோம்? பேர் இல்லாத இடத்துல யாருக்கு வலிக்கும்?"

பெர்மெத் அந்த வரியைத் தன் கையாலேயே தட்டினாள். 'அனுபவமின்மை' என்பதற்குக் கிர்கிஸில் இரண்டு சொல் இருந்தன. இரண்டையும் போட்டுப் பார்த்து, நன்றாக உட்கார்ந்ததை வைத்தாள்.

எல்லாப் பத்திரிகையும் போட்டன. இந்தத் தடவை யாருக்கும் போன் செய்து கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஒரு சொல்லும் வெட்டாமல், எழுதியவர் பெயர் மட்டும் இல்லாமல், முழுசாக வந்தது. பெர்மெத் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு லரீசா விக்தரோவ்னாவிடம் போனாள்.

"இதுல உங்க பேர் எங்க?"

"இதோ, 'பயிற்சி மாணவி ஒருவரின்'னு இருக்கு இல்லீங்களா? அது நான்தான்."

லரீசா விக்தரோவ்னா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அது பேர் இல்ல, பெர்மெத்," என்றார். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியை ஓங்கித் தட்டினாள். கைதான் வலித்தது.

அந்த வார இறுதிக்குள் கொச்கோரிலிருந்து ஒரு போன் வந்தது. ஷார்ஷென் ஐயாவின் பக்கத்து வீட்டுக்காரர்.

"எப்ப வர்றீங்கன்னு சொன்னா நாங்களும் ஆளுங்களைக் கூப்பிடலாம்," என்றார்.

"எங்க வர்றது?" என்று கேட்டார் டாமிரா அக்கா.

"வாசலுக்கு வர்றோம், சபான் போர்த்தறோம்னு பத்திரிகையில சொல்லிட்டு எங்க வர்றதுன்னு கேக்கறீங்களே! ஊரே பாத்துக்கிட்டு இருக்கு."

டாமிரா அக்கா போனை வைத்துவிட்டு பெர்மெத்தை நோக்கித் திரும்பினார். "என்ன எழுதித் தொலைச்சே?"

"நீங்க படிச்சீங்களே அக்கா."

"மன்னிப்புன்னா ஆயிரம் சொல்லுவாங்க. 'உங்க காலடி மண்ணாவேன்'ம்பாங்க. அதுக்காக மண்ணாப் போயிடுவாங்களா?"

"எங்க பக்கம் வர்றேன்னு சொன்னா வருவாங்க."

"உங்க பக்கம்!" என்று கையை விரித்தார் டாமிரா அக்கா. ஆனால் ஆலை இயக்குநருக்கு இந்த விஷயம் பிடித்துப்போய்விட்டது. போங்க, படம் எடுங்க, பெரியவர் சபானோட சிரிக்கற மாதிரி ஒரு படம் வந்தா எல்லாம் முடிஞ்சது என்றார்.

கிணறு வெட்டியதில் பூதம் கிளம்பியாயிற்று, இனி அதற்குச் சோறு போட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே மாக்சத் வண்டியை ஓட்டினான். பின் இருக்கையில் பெர்மெத்துக்கும் டாமிரா அக்காவுக்கும் நடுவே, பொன் சரிகை போட்ட கருநீல வெல்வெட் சபான் ஒரு மூன்றாம் ஆளைப் போல உட்கார்ந்து வந்தது. போம் கணவாயில் காற்று வண்டியை ஆட்டியது. பாலிக்ச்சியில் வாட்டிய மீன் விற்கிறவர்கள் சாலையோரம் கையாட்டினார்கள். யாரும் இறங்கவில்லை. டாமிரா அக்கா வழி முழுக்க ஒரு கிர்கிஸ் வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பெர்மெத்துக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிந்ததும், அன்றைக்குக் கேட்காமல் விட்டதைக் கேட்டுவிடலாம்.

வாசலில் பெரியவரே வந்து நின்றார். வேலிக்கு அந்தப்பக்கம் தலைகள் தெரிந்தன. மாக்சத் கேமராவைத் தூக்கினான். டாமிரா அக்கா சபானை விரித்துப் பிடித்து, வழியில் மனப்பாடம் செய்த கிர்கிஸ் வாக்கியத்தைத் தொடங்கினார்.

"அதை மடிச்சு வைம்மா," என்றார் ஷார்ஷென் ஐயா.

"ஐயா, நாங்க மன்னிப்பு..."

"மடின்னு சொல்றேன். தம்பி, அந்தப் பெட்டியைக் கீழ எறக்கு. எல்லாம் உள்ள வாங்க. வேடிக்கை பாக்கறவங்க வேலையைப் பாருங்க!" என்று கடைசி வார்த்தையை வேலிப்பக்கம் வீசினார்.

உள்ளே அவருடைய மருமகள் தேநீர்க் கிண்ணங்களை வைத்தாள், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளைக் கொட்டினாள். பெரியவர் உட்காரவில்லை.

"நான் எப்ப புண்பட்டேன்?" என்று கேட்டார். "யாரு சொன்னா?"

டாமிரா அக்கா தேநீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

"பக்கத்து வீட்டுக்காரன் வண்டி கெளம்புதுன்னு ஆரன் அடிச்சான். அதை விட்டா எனக்குப் பஸ் கெடையாது. அதான் எழுந்து போனேன். இடுப்பெலும்பைக் குடுத்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? கடிக்கவா? எனக்குப் பல்லு ஏது? விலாவெலும்பே பேரனுக்குத்தான் கட்டிக்கிட்டு வந்தேன். இப்ப என்னடான்னா, நாப்பது வருசமாப் பத்திரிகையில எழுதினவன் ஒரு எலும்புக்குக் கோவிச்சுக்கிட்டு ஓடினான்னு நாடு பூரா பேசுது. கடைக்குப் போனா, 'ஐயா, எலும்பு வேணுங்களா, பெருசா இருக்கு'ன்னு கேக்கறான் அந்தப் பொடிப்பய!"

மருமகள் சிரிப்பை அடக்க தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப சபானை வாங்கிக்கிட்டா எல்லாம் சரியாயிடும் இல்லீங்களா?" என்றார் டாமிரா அக்கா, குரலில் தேன் தடவி.

"வாங்கிக்கிட்டா, கோவிச்சுக்கிட்டது நெசம்னு ஆயிடும். தோள்ல போட்டுக்கிட்டு சாகற வரைக்கும் எலும்புக் கெழவனாத் திரியணுமா? எடுத்துக்கிட்டுப் போங்க." அவர் திரும்பினார். "அந்த மன்னிப்பை யாரு எழுதினது?"

"எங்க நிறுவனம்..."

"நிறுவனத்துக்குக் கை இருக்கா? அது ஒரு ஆளு எழுதினது. எங்க பக்கத்து ஆளு. யாரு?"

"நான்தான் ஐயா," என்றாள் பெர்மெத்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. அதனாலதான் எல்லாரும் நம்பிட்டாங்க. மோசமா எழுதியிருந்தா ஒருத்தன் சீண்டியிருக்க மாட்டான்." அவர் குரல் உயர்ந்தது. "எனக்கு வருத்தம் இருந்துச்சா இல்லையாங்கறது என் விஷயம். அதை ஊருக்குச் சொல்ல நீ யாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? போன் இல்லையா என்கிட்ட?"

பெர்மெத்துக்குக் காது சூடேறியது. எத்தனை அலுவலகங்களுக்கு எத்தனை தடவை போன் போட்டிருப்பாள்! வந்துச்சா, போடுவீங்களா என்று. இந்த ஒருவருக்கு மட்டும் போட வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. எலும்பைப் பற்றி இரண்டாவது தடவை கேட்காமல் விட்டது வேறு. இது முதல் தடவைகூடக் கேட்காதது.

"கேக்கலை ஐயா."

"அப்ப உக்காந்து மறுப்பு எழுது. நாளன்னிக்கு எங்க பத்திரிகை வருது. நடந்தது நடந்த மாதிரி. கீழ உன் பேர்."

டாமிரா அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஐயா, நாங்க பேர் போட்டு எழுதறதில்ல. நிறுவனம்னு போடலாம். வேணும்னா என் பேரைக்கூடப் போடுங்க."

"நீங்களா எழுதினீங்க? அந்த மன்னிப்போட முதல் வரி என்ன, சொல்லுங்க பாப்போம்."

டாமிரா அக்கா பெர்மெத்தின் பக்கம் பார்த்தார்.

"எழுதினவங்க பேர்தான் வரும்," என்றார் பெரியவர். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை உருவி பெர்மெத்தின் முன்னால் வைத்தார்.

டாமிரா அக்கா ரஷ்ய மொழிக்கு மாறினார். "பெர்மெத், யோசிச்சுக்க. வாடிக்கையாளரை மறுத்து உன் பேர் வந்துச்சுன்னா பிஷ்கெக்ல எந்த மக்கள் தொடர்பு நிறுவனமும் உன்னை உள்ள விடாது. திங்கக்கிழமை உன்னை வேலைக்கு எடுத்துக்கறதாத்தான் நெனச்சிருந்தேன்."

அது உண்மையா, இந்த நிமிடத்தில் பிறந்த நினைப்பா என்று பெர்மெத்துக்குத் தெரியவில்லை. உண்மையாகவும் இருக்கலாம். வழக்கம்போல அவள் இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள். இத்தனை நாளாகக் கெஞ்சியும் கிடைக்காத பெயர் இப்போது எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் தான் தப்புச் செய்தேன் என்பதற்குக் கீழே. போகட்டும். ஆண்டு வீணாகாது. அதைவிட, இந்தக் கிழவர் யாருடைய கேலியும் இல்லாமல் கடைக்குப் போய்வர வேண்டும்.

எழுதினாள். 'ஷார்ஷென் ஐயா புண்பட்டார் என்று நாங்கள் எழுதியது அவரைக் கேட்காமல் எழுதியது. பல் இல்லாத அவர் இடுப்பெலும்பை எதிர்பார்க்கவில்லை. அவசரமாக வண்டி பிடிக்க வேண்டியிருந்ததால் எழுந்து போனார். எந்தத் தட்டு யாருக்கு என்பதை நிறுவனம் முடிவு செய்தது. தட்டுகளை நான் வைத்தேன். மன்னிப்பையும் நான்தான் எழுதினேன்.' கீழே தன் முழுப் பெயர்.

இந்தத் தடவை டாமிரா அக்கா படித்தார். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய.

"'நிறுவனம் முடிவு செய்தது'ன்னு எதுக்கு?"

"அது உண்மை அக்கா."

"உண்மையா?" என்று பெரியவர் டாமிரா அக்காவைக் கேட்டார். டாமிரா அக்கா எழுந்து சபானை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மருமகள் ரொட்டித் தட்டோடு குறுக்கே வந்து நின்றாள். என்ன கோபமாக இருந்தாலும் ரொட்டியைத் தொடாமல் ஒரு வீட்டை விட்டுப் போக முடியாது. டாமிரா அக்கா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, முழுங்காமலே வெளியே போனார்.

திரும்பும் வழியில் டாமிரா அக்காவோடு சபானும் முன் இருக்கைக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை யாரும் கூப்பிடவில்லை. மாக்சத் மட்டும் ஒரு படம் அனுப்பியிருந்தான். அலுவலகத்தில் அந்தச் சபானைப் போட்டுக்கொண்டு தேநீர் ஊற்றுகிறான். 'பேர் தெரியாத பயிற்சி மாணவியின் வேலையை இப்போது நான் பார்க்கிறேன்' என்று கீழே எழுதியிருந்தான்.

மாவட்டப் பத்திரிகை மெல்லிய தாளில், மூன்றாம் பக்கத்தின் மூலையில், வானிலைக்கு மேலே அவளுடைய மறுப்பைப் போட்டிருந்தது. லரீசா விக்தரோவ்னா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கிர்கிஸ்ல இருக்கே. என்ன விஷயம்?"

"அது வந்துங்க, நாங்க ஒரு மன்னிப்பு போட்டோம், அது தப்பாயிடுச்சு. யாரோட மனசுல என்ன இருக்குன்னு கேக்காம எழுதினா..."

"வேண்டாம், வேண்டாம். பேர் இருக்கு இல்ல?" அவர் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். "இருக்கு. ஆனா ரொம்பச் சின்னதா இருக்கே கட்டுரை." ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போட்டார். தேர்ச்சிக்கு அது போதும்.

பெர்மெத் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். மகிழ்ச்சி வரும் என்று காத்துப் பார்த்தாள். அந்த விதியைக் கையில் எடுத்துக் கசக்கி யார் முகத்திலாவது எறிய வேண்டும் போலத்தான் இருந்தது. இத்தனை நாளில் எழுதிய ஒரே உண்மை அந்த மறுப்புதான். அதன் கீழே பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, மேலே என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடப் படிக்கவில்லை.

போன் அடித்தது. கொச்கோர் எண்.

"பொண்ணே, ஷார்ஷென் பேசறேன்."

"சொல்லுங்க ஐயா."

"பத்திரிகையைப் படிச்சேன். இன்னிக்குத்தான் கண்ணாடி போட்டுக்கிட்டு நிதானமாப் படிச்சேன். 'பல் இல்லாத'ன்னு எழுதியிருக்கே."

"நீங்கதானே ஐயா, 'எனக்குப் பல்லு ஏது'ன்னு சொன்னீங்க?"

"அது பேச்சுக்குச் சொல்றது. எனக்கு ரெண்டு பல்லு இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. இப்பக் கடைக்காரப் பய என்னைப் பாத்தா, 'ஐயா, கஞ்சி தரட்டுமா'ங்கறான். மறுப்பு போடணும்."

பெர்மெத் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பையைத் திறந்து பேனாவைத் தேடினாள். அது அவருடைய பேனா. அன்றைக்குத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டிருந்தாள்.

"சரி ஐயா," என்றாள். "மேல எந்தப் பக்கம், எடதா வலதா? இந்தத் தடவை கேட்டுட்டே எழுதறேன்."